ஃபேன் பெல்ட்டைக் கழட்டாத வெள்ளத்தாயி

ஒரு மலைக்குக் கீழ ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு டாக்சி ஸ்டாண்டு. எல்லாரும் ஆம்பள டிரைவருங்க. ஒருநாள் வெள்ளத்தாயினு ஒரு பொம்பள, பழைய கார் ஒண்ண டொடொடொடொனு ஓட்டிக்கிட்டு வந்து, "எனக்கும் இங்க ஒரு இடம் வேணும்"னு நின்னா. ம் சொல்லு கண்ணு.

ஸ்டாண்டு தலைவர் சங்கிலி சிரிச்சாரு. "எஞ்சின் எப்படி ஓடுதுனு தெரியுமா?"

"தெரியாதுண்ணே. சொல்லுங்க."

"பெட்ரோலும் காத்தும் உள்ள போகும். பொறி படும். டப்புனு வெடிக்கும். அந்தத் தள்ளுலதான் சக்கரம் சுத்தும்."

"அப்போ அவ்வளவு வெடிச்சா சூடாகாதா?"

"தொணதொணக்காத. நாளைக்கு ஆள ஏத்திக்கிட்டு மலைக்கோயிலுக்கு என்கூட ஏறு. வழியில நிக்காம ஏறுனா இடம். நின்னா, இந்தப் பக்கமே வரக்கூடாது."

"சரிண்ணே."

அப்புறம் சங்கிலி தன் கார வேகமாக்க உக்காந்தாரு. மொதல்ல தூசிய வடிகட்டுற ஏர் ஃபில்டரக் கழட்டுனாரு. "காத்து நெறைய போகும், நீயும் கழட்டு."

"தூசியும் சேந்து போகுமேண்ணே?" அவ கழட்டல.

அப்புறம் சைலன்சரக் கழட்டுனாரு. டமடமடமனு தெருவே அதிருது. "பாத்தியா பலத்த?"

"சத்தம்தானேண்ணே கூடியிருக்கு?" கழட்டல.

அப்புறம் ஃபேன் பெல்ட்ட உருவுனாரு. "ஃபேன் சுத்துற பலமும் சக்கரத்துக்கே வந்துடும்."

"அப்போ சூட்ட யாரு தணிப்பா?"

"கேட்டுக் கேட்டே கெழவியாகப் போற." எல்லாரும் கெக்கெக்கேனு சிரிச்சாங்க. அவளுக்கு மூஞ்சி சிவந்துடுச்சு. ஆனாலும் கழட்டல.

ம்ங்கிறியா, தூங்கிட்டியா?

விடிஞ்சதும் எலுமிச்சம்பழத்த சக்கரத்துக்கு வச்சு நசுக்கிட்டுக் கெளம்புனாங்க. சங்கிலி டமடமனு முன்னால பறக்குறாரு. இவ டொடொடொடொனு பின்னால. வளைவுல திரும்பித் திரும்பி ஏறுனாங்க. அப்போ மேல புஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். தண்ணி கொதிச்சு, சங்கிலி கார் ஆவி கக்கிக்கிட்டு நிக்குது. அவரு ரேடியேட்டர் மூடியில கை வைக்கப் போனாரு.

"தொறக்காதீங்கண்ணே, மூஞ்சி வெந்துடும்"னு ஜன்னல் வழியா சொன்னா. ஆனா நிக்கல. கோயில் வாசல்லதான் நிறுத்துனா.

அப்புறம் கீழ வந்து, ஸ்டாண்டுல மொத இடத்துல கார நிறுத்தி, சக்கரத்துக்குக் கல்லும் வச்சுட்டா. சங்கிலி வேர்த்து விறுவிறுத்து நடந்தே வந்தாரு.

"அது என் இடம். எடுத்துக் கடைசியில போடு."

"நிக்காம ஏறுனா இடம்னீங்க. எந்த இடம்னு சொல்லலியேண்ணே."

"எடுக்கப் போறியா இல்லியா?"

வெள்ளத்தாயி பானட் மேல ஏறி உக்காந்து, தூக்குவாளியத் தொறந்து சாப்பிட ஆரம்பிச்சா.

என்ன கண்ணு? எடுத்தாளாவா? எடுக்கல.

கார் அங்கயே நிக்குது, கதையும் அங்கயே நிக்குது. நீ கண்ண மூடு.