ஐந்நூறு சர்க்கரைக்காரர்

பண்ருட்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அதன் வாசலில் பலாச்சுளை விற்கிற குப்புலிங்கம் சும்மா சோதித்துப் பார்க்க வந்தார். விரலில் குத்தினால் சர்க்கரை ஐந்நூறு. ஆளோ கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறார்.

"உலகத்திலேயே அபூர்வ கேஸ். இன்சுலின் ஊசியை எடு," என்றார் பெரிய டாக்டர் தணிகாசலம், நர்ஸிடம்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். "பலா வெட்டுறவங்க கையில எண்ணெய் தடவித் துணியில துடைப்பாங்க, கழுவ மாட்டாங்க. சர்க்கரை விரல்லதாங்க ஐயா இருக்கு."

"ஸ்பிரிட் பஞ்சால துடைச்சுத்தானே குத்துறோம்? முடிஞ்சா எனக்கு ஐந்நூறு வரவழைச்சுக் காட்டு."

அவள் வாசலில் இருந்த குப்புலிங்கத்தின் கூடையிலிருந்து நாலு சுளையை எடுத்துவந்து நீட்டினாள். "தின்ன வேண்டாம். கொட்டையை மட்டும் எடுத்துக் கொடுங்க."

எடுத்தார். பஞ்சால் துடைத்துக் குத்தினார்கள். ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

அஞ்சலாட்சி நர்ஸிடம் நிதானமாகக் கேட்டாள். "ஐயாவுக்கு எத்தனை ஊசிம்மா?"

டாக்டரும் குப்புலிங்கமும் சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். குப்புலிங்கத்துக்குத் தொண்ணூற்றெட்டு, டாக்டருக்கு நூற்றுப்பத்து. ஊசி தட்டுக்கே திரும்பியது.

குப்புலிங்கம் அப்போதுதான் மூச்சு விட்டார். "பழம் இனிப்பா இல்லேன்னு இனிமே எவனாவது சொல்லட்டும், இந்த மெஷினைக் காட்டுறேன்."