பெட்டகம் திறப்பவருக்குப் பல்லி என்று பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில், பல்லிகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கருங்கோட்டையில் ஒரு தலைவன் இருந்தான். அவனுடைய இரும்புப் பெட்டகத்தில் பொன்னோ மணியோ கிடையாது. களவில் பிடிபட்டவர்களை அதற்குள் தள்ளிப் பூட்டிவிடுவான். மறுபடி திறக்கும்போது உயிரோடு யாரும் வெளியே வந்ததில்லை.

பஞ்சத்தில் கேழ்வரகு திருடிய செவத்தானை ஒரு நாள் காலை அதற்குள் தள்ளினார்கள். உச்சிவேளையில் ஊரே தேர் இழுக்கப் போயிருந்தது. வாசற்காவலன் தூங்கி வழிந்துகொண்டிருந்தான். செவத்தானின் மனைவி அங்காயி ஒரு கம்பியை மடியில் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பெட்டகத்துக்குள் அவன் நகத்தால் சுரண்டுவது கேட்டது. கம்பியால் பூட்டைக் குடைந்தாள்.

"இப்படிக் குடைந்தால் அவன் செத்த பிறகுதான் திறக்கும்" என்றது பெட்டகத்தின் மேலிருந்த பல்லி. "பூட்டுக்குள் மூன்று நாக்குகள் இருக்கின்றன. விலகும்போது மெல்லச் சத்தம் வரும். நான் கேட்டுச் சொல்கிறேன்."

"உனக்கு எதற்கு இந்த வம்பு?"

"என் முட்டைகளும் உள்ளேதான் இருக்கின்றன, தாயே."

அங்காயி கம்பியைத் திருப்பினாள். "ஒன்று விலகிவிட்டது" என்றது பல்லி. மறுபடி திருப்பினாள். "இரண்டாவதும்!" சந்தோஷத்தில் அது கத்திவிட்டது.

"யார் அங்கே?"

காவலன் வேலோடு ஓடிவந்தான். அங்காயி பெட்டகத்தின் பின்னால் ஒடுங்கினாள். மூச்சு விடுவது அவனுக்குக் கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ பல்லி! யாரோடு பேசினாய்? சொல்!"

பல்லிக்குப் பொய் சொல்லத் தெரியாது. வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும். அது தன் நாக்கை அழுத்திக் கடித்துக்கொண்டது. "த்சு... த்சு..." அவ்வளவுதான் வந்தது. ஏதோ கெட்ட சகுனம் என்று எண்ணிக் காவலன் திரும்பிப் பாராமல் வெளியே ஓடினான்.

கடிபட்ட நாக்கால் பல்லிக்குப் பேச வரவில்லை; இனி கேட்டுச் சொல்ல யாருமில்லை. அங்காயி தன் காதையே இரும்பில் வைத்தாள். சுரண்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. 'ஐயோ' என்று அலறத் தோன்றியது. அலறினால் பூட்டின் சத்தம் கேட்காதே. பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைத் திருப்பினாள். எங்கோ ஆழத்தில் மூன்றாவது நாக்கு விலகியது.

மூடியைத் தூக்கினாள். செவத்தான் ஒருமுறை விக்கி, மூச்சை இழுத்தான்.

அன்று போன பேச்சு பல்லிக்குத் திரும்பவே இல்லை. அது முதல்தான், இரும்பில் காது வைத்துப் பெட்டகம் திறப்பவரைக் கள்வர்கள் பல்லி என்று அழைக்கிறார்கள். அழைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.