கீரியின் நாற்பது பற்கள்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில் சூரன் என்றொரு கீரி இருந்தது. அதற்கு நாற்பது பற்கள். நாற்பதும் ஊசிபோல் இருக்கும். அந்தப் பற்களை நம்பித்தான் மற்ற விலங்குகள் அதைக் காவல்காரனாக வைத்திருந்தன.

காவல் என்றால் பெரிய வேலை இல்லை, குழந்தைகளே. தினமும் விடிந்ததும் சூரன் ஒரு பாறைமேல் ஏறி நிற்கும். வாயை நன்றாகத் திறந்து ஒரு கொட்டாவி விடும். எதிர்ப் புதரில் இருக்கும் நல்லபாம்பு அந்தப் பற்களைப் பார்க்கும். பார்த்துவிட்டு வேறு பக்கம் இரை தேடப் போய்விடும். அவ்வளவுதான். பாறையைச் சுற்றி முயலும் அணிலும் கௌதாரியும் பயமில்லாமல் குடியிருந்தன.

அறுவடைக் காலம் முடிந்ததும் அந்தக் காட்டில் பத்து நாள் விழா நடக்கும். ஒவ்வொரு விலங்கும் தன்னால் முடிந்த பண்டத்தைக் கொண்டுவரும். முயல் வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்தது. அணில் வேர்க்கடலை. கிளி கொய்யாக்காய். சூரனின் மனைவி செவ்வந்தி வெட்டுக்கிளி வறுத்து எடுத்துவந்தது. தொங்கன் என்ற குரங்கு மட்டும் அந்த வருடம் கீழே ஊர்த் திருவிழாக் கடைகளுக்குப் போய், ஒரு மூட்டை நிறையச் சவ்வுமிட்டாயும் கமர்கட்டும் அள்ளிக்கொண்டு வந்தது. எப்படி அள்ளியது என்று யாரும் கேட்கவில்லை.

வழியில் நல்லபாம்பு அதை நிறுத்தியது.

"தொங்கா, மூட்டையில் என்ன?"

"மிட்டாய். உனக்கு வேண்டுமா?"

"எனக்கு மெல்லத் தெரியாது. காவல்காரருக்குக் கொடு. நமக்காக எவ்வளவு பாடுபடுகிறார்! தீர்ந்தால் மறுபடியும் கொண்டுவந்து கொடு. அவர் வாய் சும்மா இருக்கக் கூடாது."

"நமக்காகவா? உனக்குமா?"

"எல்லோருக்கும்தான்."

எதையும் இரண்டாவது முறை யோசிக்கும் வழக்கம் தொங்கனுக்கு இல்லை. மூட்டையோடு நேரே சூரனிடம் போனது.

சூரன் ஒரு கமர்கட்டை வாயில் போட்டது. கண்களை மூடிக்கொண்டது. வெகுநேரம் திறக்கவில்லை.

மாலையில் செவ்வந்தி வந்து பார்த்தபோதும் சூரனின் கன்னம் உப்பியிருந்தது.

"காலையில் போட்டது இன்னுமா கரையவில்லை?"

"அது வேறு. இது ஏழாவது. நீயும் ஒன்று தின்று பார்."

"தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டோடு ஒன்று தின்றேன், ஓடையில் வாயைக் கொப்பளித்தேன், அதோடு சரி. நீங்களும் போதும் என்று நிறுத்துங்கள். கொய்யாக்காய் இருக்கிறது, தேங்காய்ச் சில்லு இருக்கிறது. அதைக் கடியுங்கள்."

"அதெல்லாம் எல்லா நாளும் கிடைப்பது. விழா என்றால் விழாபோல் இருக்க வேண்டாமா?"

விழா பத்து நாளில் முடிந்துவிட்டது. மிட்டாய் முடியவில்லை. சுற்றியிருந்த ஊர்களில் அடுத்தடுத்துத் திருவிழாக்கள் வந்தன. தொங்கன் ஒன்றையும் தவறவிடவில்லை. சூரன் கன்னத்தில் ஒரு கமர்கட்டோடு எழுந்தது. இன்னொன்றோடு படுத்தது.

மழைக்காலம் தொடங்கியது. ஒரு நாள் காலையில் சூரன் பாறைமேல் ஏறிக் கொட்டாவிக்கு வாயைத் திறந்தது. குளிர்காற்று பட்டதும் கடைவாய்ப் பல்லில் சுரீர் என்றது. சட்டென்று வாயை மூடிக்கொண்டது. மறுநாள் பாதி திறந்தது. அதற்கும் அடுத்த நாள் திறக்கவே இல்லை.

"என்ன ஆயிற்று உங்களுக்கு?" என்று கேட்டது செவ்வந்தி.

"ஒன்றுமில்லை."

"ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருக்கிறதே!"

"உடம்பு தேறியிருக்கிறது."

"ஒரு பக்கம் மட்டுமா?"

சூரன் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கமும் வலித்தது. யாரிடமும் சொல்ல அதற்கு வெட்கமாக இருந்தது. காவல்காரனுக்குப் பல்வலி என்று தெரிந்தால் முயல் என்ன நினைக்கும்? அணில் என்ன நினைக்கும்?

பாம்பு என்ன நினைத்தது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. அது புதரிலிருந்து வெளியே வந்து, பாறையைத் தாண்டி, கௌதாரியின் கூட்டைப் பார்த்து நேராகப் போனது. கௌதாரி ஒன்பது முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது.

"காவல்காரரே!" என்று அது அலறியது.

சூரன் பாறையிலிருந்து ஒரே தாவாகத் தாவிக் குறுக்கே நின்றது. உடம்பெல்லாம் மயிர் சிலிர்த்திருந்தது. வாய் மட்டும் மூடியிருந்தது.

"வணக்கம்," என்றது பாம்பு. "கொஞ்சம் வாயைத் திறந்து காட்டுங்கள். பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்."

சூரன் திறக்கவில்லை.

"சரி, சிரமப்பட வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் பாம்பு அதை விலகிச் சுற்றிப் போனது.

சூரன் பாய்ந்து பாம்பின் கழுத்தைக் கவ்விக் கடித்தது. பாம்புக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. சூரனின் இரண்டு பற்கள் உடைந்து மண்ணில் விழுந்தன. வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அது சுருண்டு விழுந்தது.

பாம்பு அவசரப்படவில்லை. சீறிக் கௌதாரியை விரட்டியது. ஒரு முட்டையை விழுங்கியது. இரண்டாவது முட்டைக்குத் தலையை நீட்டியது.

அதற்குள் அலறல் கேட்டு ஓடைப் பக்கமிருந்து செவ்வந்தி ஓடி வந்துவிட்டது. பாம்பின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தது. உள்ளே நாற்பது பற்கள் இருந்தன. நாற்பதும் ஊசிபோல் இருந்தன.

பாம்பு மெல்லத் தலையைத் தாழ்த்தியது.

"வழி தவறி வந்துவிட்டேன், அம்மா."

"நான் காட்டுகிறேன்," என்று சொல்லி அதன் வாலில் அழுந்த ஒரு கடி கடித்தது செவ்வந்தி. பாம்பு வழியைக் கேட்காமலே ஓடியது. அதன் பிறகு அந்தப் பக்கம் அது வரவில்லை.

அன்றிலிருந்து காவல் செவ்வந்தியுடையது ஆனது. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. மறுநாள் விடிந்தபோது எல்லோரும் அதன் முகத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

வீக்கம் வடிந்த பிறகு சூரன் கௌதாரியைத் தேடிப் போனது.

"நீ கூப்பிட்டதும் வந்தேன்," என்றது.

"வந்தீர்கள்."

"கடித்தேன்."

"பார்த்தேன்," என்றது கௌதாரி. மீதி எட்டு முட்டைகளையும் சிறகுக்குள் இழுத்து வைத்துக்கொண்டது.

சூரன் திரும்பி வந்தது. வந்ததும் செவ்வந்தியிடம் ஒரு வேப்பங்குச்சி கேட்டது.

அடுத்த வருடம் விழா வந்தது. தொங்கன் மூட்டையை அவிழ்த்து நீட்டியது. சூரன் கும்பிட்டு வேண்டாம் என்றது. ஒரு தேங்காய்ச் சில்லை எடுத்து, பல் நன்றாக இருந்த பக்கத்தில் ஒதுக்கி, மெதுவாக மென்றது. அந்த ஒரு சில்லு தீர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நீதி: விழா நாளில் நாக்கு கேட்பதை ஒரு முறை கொடு, பல் கேட்பதை ஒவ்வொரு முறையும் கொடு.