எதிர்க்கடைப் போணி

மடத்தை விட்டுப் போய்விடுவது என்று இத்ரீஸ் முடிவெடுத்துவிட்டான். தாடி பாதி நரைத்தும் ரோஷம் நரைக்காத சீடன் அவன். சக சீடன் சப்ரி எல்லோர் முன்னாலும் அவன் பாட்டைக் கேலி செய்துவிட்டான். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரு குளிர்காலமே ஓடிவிட்டது.

"பக்கத்துப் படுக்கையில் அவன். இனி என்னால் முடியாது, குருவே."

"சரி. ஊருக்குப் போகிறவன் வெறுங்கையோடு போகாதே" என்றார் குரு ஸகரிய்யா. அவனை அழைத்துக்கொண்டு ஆன்தெப் நகரின் செம்புக் கடைத்தெருவுக்குப் போனார்.

துருக்கியில் அந்தத் தெருவுக்கு ஈடு ஏது? ருஸ்தம் என்ற கொல்லரின் கடையில் ஒரு கூஜா இருந்தது. உடம்பெல்லாம் மாதுளம்பூ. ஒரு காம்பு மட்டும் கைப்பிடி வழியாக ஏறி மூடிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. கையில் எடுத்த இத்ரீஸுக்குக் கீழே வைக்க மனம் வரவில்லை. ஊரில் இருக்கும் மனைவிக்கு இதைத்தான் கொண்டுபோக வேண்டும்.

"இதைக் கொடுங்கள்."

ருஸ்தம் கூஜாவை மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"எனக்குப் போணி ஆகிவிட்டது. எதிர்க்கடை தாஹிருக்கு இன்னும் ஆகவில்லை. அங்கே போய் வாங்குங்கள்."

"எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது."

"அவன் வேலை என் வேலைக்குச் சளைத்ததில்லை." வேப்பங்காயைக் கடித்தவர் போல் அதைச் சொன்னார்.

"உங்கள் சிநேகிதரா?"

"சிநேகிதனா? அவன் வரும் கல்யாணத்துக்கு நான் போவதில்லை. அவன் பேச்சையே எடுக்காதீர்கள்."

"பேச்சே இல்லையென்றால், போணி ஆகவில்லை என்று எப்படித் தெரியும்?"

"கண் இருக்கிறதே. விடிந்ததிலிருந்து அவன் படியில் ஒருவரும் ஏறவில்லை. ஒருவன் போணியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது எதிரில் இருப்பவன் அடுத்த வியாபாரம் செய்வது இந்தத் தெருவில் வழக்கமில்லை. எனக்கு அவனைப் பிடிக்காது என்பதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா?"

தாஹிரின் கூஜாவில் திராட்சைக் கொடி படர்ந்திருந்தது. ருஸ்தம் சொன்னது பொய்யில்லை. இத்ரீஸ் கொடுத்த முதல் காசைத் தாஹிர் வழக்கப்படி தாடியில் தடவிப் பெட்டியில் போட்டார். எதிர்ப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் ருஸ்தம் தலையைக் குனிந்து சுத்தியலை எடுத்தார்.

தெருமுனை வரும்வரை இத்ரீஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். மனம் நிறைந்து போயிருந்தது.

"என்ன மனிதர், குருவே. பகையையும் விடவில்லை, எதிர்க்கடைக்காரர் வயிற்றையும் மறக்கவில்லை. இப்படி ஒருவரை நான் கண்டதில்லை."

குரு நடந்துகொண்டே கேட்டார்:

"சப்ரிக்கு இருமல் நின்றுவிட்டதா?"

இத்ரீஸ் கூஜாவைக் கை மாற்றிப் பிடித்தான். பக்கத்துப் படுக்கைதான். அவனுக்குத் தெரியவில்லை.