மாடத்தியின் கவணும் மீசைக்காரன் அரிவாளும்

கடம்பன்குளம் ஒரு பாளையம். அதற்குக் கொண்டப்ப பூபதி ராஜா. தன் ராஜ்யம் ரொம்பப் பெரியது என்று அவராகவே சொல்லிக்கொள்வார். காலையில் குதிரையேறினால் மத்தியானச் சோற்றுக்குள் எல்லையைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம்.

அந்த ராஜாவின் வெள்ளி வெற்றிலைப் பெட்டி களவு போய்விட்டது. பட்டப்பகலில், முகத்தை மூடிய நாலு பேர் அரண்மனைக்குள் நுழைந்தார்கள். அரிவாளைக் காட்டினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டார்கள். காவல்காரர்கள் என்ன செய்தார்கள்? வழிவிட்டார்கள்.

வெற்றிலை இல்லாமல் ராஜாவுக்கு வாய் நமநமவென்றது. மந்திரியாக இருந்த தானாபதி அம்பலவாணர் உடனே ஒரு யோசனை சொன்னார்.

"மகாராஜா, திருடனைப் பிடிப்பது கஷ்டம். ஆயுதத்தைப் பிடிப்பது சுலபம். ஊரில் ஒருத்தர் கையிலும் ஆயுதம் இருக்கக் கூடாது என்று தண்டோரா போடுங்கள்."

போட்டார்கள். அரிவாள், வேல்கம்பு, வளரி, சிலம்பக் கழி, கவண், எதுவானாலும் அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவனுக்குப் புளியம் விளாரால் அடி. யாராக இருந்தாலும் விலக்குக் கிடையாது. விலக்குக் கேட்டு வருகிறவனுக்கும் அதே அடி.

பாவம், பயந்த ஜனங்கள். மறுநாளே அரண்மனை வாசலில் வரிசை நின்றது. முயல் வேட்டைக்காரர்கள் வளரியோடு வந்தார்கள். சாயங்காலம் சிலம்பம் ஆடுகிறவர்கள் கழியோடு வந்தார்கள். ஒரு கிழவர், எதற்கு வம்பு என்று ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் நின்றார்.

அரண்மனை விகடக்காரன் வெயிலுகந்தான் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லோரும் வந்துவிட்டார்களா?" என்று ராஜா கேட்டார்.

"வந்துவிட்டார்கள் மகாராஜா, அந்த நாலு பேரைத் தவிர."

ராஜா முறைத்தார்.

மாடத்தியும் வரவில்லை. அதனால் அடுத்த நாள் அவளைப் பிடித்து வந்தார்கள். கவண் எறிவதில் அவளை மிஞ்ச அந்தப் பாளையத்திலேயே ஆள் இல்லை. பகலெல்லாம் சோளக்கொல்லையில் கிளி விரட்டுவாள். பொழுது சாய்ந்ததும் பனைமரத்தில் கொட்டாங்கச்சியைக் கட்டித் தொங்கவிட்டு, சொல்லி அடிப்பாள். அவளோடு கவண் எறிந்து விளையாடுகிற கூட்டத்தில் வெயிலுகந்தானும் உண்டு. அவன் எறிகிற கல் மட்டும் எப்போதும் பின்பக்கம் போகும்.

"விளையாட்டுக்கும் வெள்ளாமைக்கும்தான் வச்சிருக்கேன் சாமி. ஒரு கிளியைக்கூடக் கொன்னதில்லை. சோளம் பால் புடிக்கிற நேரம். கவண் இல்லாம என்ன செய்வேன்?" என்று அழுதாள் மாடத்தி.

"எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். இன்றைக்குக் கிளி, நாளைக்கு ராஜா" என்றார் தானாபதி. மறுநாள் காலை சந்தையில் வைத்து அடி என்று தீர்ப்பானது.

காவலில் கொண்டுபோகும்போது அவள் வெயிலுகந்தானைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அடியைக்கூட வாங்கிக்கிடுதேன். கொல்லையை யாரு பாப்பா?"

அவளுக்காக விலக்குக் கேட்கலாமா என்று அவன் யோசித்தான். விலக்குக் கேட்டால் இரண்டு பேருக்கும் அடி விழும், அவ்வளவுதான். எல்லைப்பக்கம் அவனுக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். மனசு சரியில்லை என்றால் அவரிடம் போய்ப் புலம்புவான். அன்றைக்கும் போனான். திரும்பி வரும்போது ஒரு குதி குதித்துக்கொண்டு வந்தான்.

"மகாராஜா, ஆயுதத்தை ஒப்படைக்காதவன் இன்னும் ஒருத்தன் இருக்கிறான்."

"யார் அவன்?"

"எல்லையில் இருக்கிறான். பெரிய மீசை. ஆள் உயரத்துக்கு அரிவாள். அதை ஓங்கிய கையை இறக்குவதே இல்லை. உத்தரவைச் சொன்னேன். பதிலே இல்லை. கண் இமைக்காமல் முறைக்கிறான்."

"அவ்வளவு திமிரா?"

"குதிரை வைத்திருக்கிறான். நாய் வைத்திருக்கிறான். வாரா வாரம் சுருட்டும் சாராயமும் வேறு."

தானாபதி துள்ளி எழுந்தார். "திருடர் தலைவன் அவன்தான்! புறப்படுங்கள்!"

படையோடு புறப்பட்டுப் போனார்கள். எல்லையில் ஓங்கிய அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார் கருப்பசாமி. வீரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராஜா அவசரமாகச் செருப்பைக் கழற்றினார்.

"அடப்பாவி, சாமியையா சொன்னாய்?"

"யாராக இருந்தாலும் விலக்குக் கிடையாது என்று உத்தரவு, மகாராஜா. பிடுங்கச் சொல்லுங்கள்."

ராஜா தானாபதியைப் பார்த்தார். தானாபதி வீரர்களைப் பார்த்தார். வீரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"சாமிக்கு மட்டும் ஓர் அனுமதி ஓலை எழுதிக் கொடுத்துவிடலாம்" என்றார் தானாபதி.

"தாராளமாக. அனுமதி வாங்கியவர் ஆயுதத்தைக் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா? மாதா மாதம் அரிவாளோடு உங்கள் வீட்டுக்கு வந்து காட்டிவிட்டுப் போகச் சொல்கிறேன். கதவை நீங்கள்தான் திறக்க வேண்டும்" என்றான் வெயிலுகந்தான்.

தானாபதிக்கு வியர்த்துவிட்டது.

"மடையா, இது ஊர்க்காவலுக்கு இருக்கிற அரிவாள். யாரையாவது வெட்டியிருக்கிறதா?" என்றார் ராஜா.

"இல்லை மகாராஜா. மாடத்தியின் கவணும் கொல்லைக் காவலுக்குத்தான் இருக்கிறது. அதுவும் யாரையும் அடித்ததில்லை."

ராஜா தாடையைச் சொறிந்தார். தானாபதி விடவில்லை. "இருக்கட்டும். ஆனால் இந்த உத்தரவைக் கேட்டுத் திருடர்கள் நடுங்கிப்போயிருப்பார்கள்."

அப்போது பூசாரி கொம்பையா வந்தார். வெயிலுகந்தானின் சிநேகிதர் அவர்தான். ஒரு கையில் விபூதித் தட்டு, இன்னொரு கையில் வாழையிலைப் பொட்டலம்.

"தானாபதி அய்யாவா? நல்ல வேளை, நீங்களே வந்துட்டிய. நேத்து உங்க பேருக்கு இங்க கிடா வெட்டுனாவ. இது உங்க பங்கு, தொடைக்கறி."

தானாபதி சுத்த சைவம். நாலடி பின்னால் போனார். "என் பேருக்கா? யார் வெட்டியது?"

"யாருன்னு தெரியலை அய்யா, நாலு பேரு. 'ஊருல ஒருத்தன் கையிலயும் ஒரு குச்சிகூட இல்லாம பண்ணிட்டாரு, அந்தப் புண்ணியவான் நூறு வருசம் இருக்கணும்'னு மனசார வேண்டிக்கிட்டாவ. முகத்தைத்தான் மூடியிருந்தாவ. கையில இருந்த அரிவாளு நம்ம சாமி அரிவாளைவிடப் பெருசு."

ராஜா தானாபதியைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர், தலைப்பாகை கழன்று விழுகிற வரைக்கும் சிரித்தார். அங்கேயே உத்தரவை ரத்து செய்தார். அரண்மனையில் குவிந்த கழிகளுக்குக் காவல் நின்ற வீரர்களைத் திருடர்களைத் தேட அனுப்பினார். மாடத்தியை விடச் சொன்னார், கவணோடு.

"எல்லோருடைய ஆயுதத்தையும் திருப்பிக் கொடுங்கள்!"

"முதலில் அந்த ஊன்றுகோல், மகாராஜா. கிழவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்."

"சரி. உனக்கு என்ன வேண்டும், கேள்!"

வெயிலுகந்தான் பூசாரியின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு தானாபதியைப் பார்த்துப் பணிவாகக் கேட்டான்.

"அய்யா, உங்களுக்கு அது வேண்டாம்தானே?"