பன்னிரண்டு பேருக்கு ஒரு நாற்காலி

மருதவனம் சமஸ்தானத்துச் சட்டசபையில் ஜனங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பத்துப் பேர். எதிரே அதிகாரிகள் ஆறு பேர், திவான் நியமித்த மிராசுதார்கள் ஆறு பேர். திவான் ரங்கபாஷ்யம் கையைத் தூக்கினால் இந்தப் பன்னிரண்டு பேரின் கைகளும் உயரும். எதற்கென்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் நாற்காலி போடும் சேவகன் மாடக்கண்ணுவைத் திவான் கூப்பிட்டார்.

"நாளைக்கு பிரிட்டிஷ் சர்க்காரோட ரெசிடெண்ட் துரை சபையைப் பார்க்க வர்றார். ஜனங்களோட ஆட்கள்தான் அதிகம்னு அவருக்குத் தெரியணும். ஆனா ஒருத்தரையும் சேர்க்கவும் கூடாது, நீக்கவும் கூடாது. நாற்காலியை எப்படியாவது போடு. இல்லேன்னா உன் வேலை போச்சு."

"ஆகட்டும் எசமான்" என்றான் மாடக்கண்ணு.

மறுநாள் துரை வந்து பார்த்தார். ஒரு பக்கம் பத்து நாற்காலிகள், எதிர்ப்பக்கம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு பேரும், திவான் சொல்லாமல் என்ன செய்வது என்று தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றிருந்தார்கள்.

"என்னடா இது?" என்று திவான் கத்தினார்.

"எசமான் சொன்னபடி யாரையும் நீக்கலை. அவங்க பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைதானே, எசமானோட கை? ஒரு கைக்கு ஒரு நாற்காலி போதும்னு போட்டேன்."

"பொய்! அபாண்டம்!" என்று திவான் கையை உயர்த்தினார்.

தாழ்வாரத்தில் பன்னிரண்டு கைகளும் ஒன்றாக உயர்ந்தன.

துரை ஜன்னலைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"திவான், இந்த ஆளை வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள். உங்கள் சபையில் எண்ணத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்."