வினைச்சொல் வருவதற்குள்

அந்தக் காலத்தில் அலைமேடு என்று கடலோரத்தில் ஒரு சின்ன ராஜ்யம். அதை ஆண்டவர் சூரசிம்ம மகாராஜா. நல்ல மனுஷர்தான், ஆனால் மாசத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். போன மாசம் புறா, இந்த மாசம் இங்கிலீஷ்.

மிளகு வாங்க வந்திருந்த பார்க்கர் துரை, சபையில் குறும்பு பண்ணிய தன் நாயைப் பார்த்து "ஒபே!" என்று அதட்டினார். நாய் பொத்தென்று உட்கார்ந்தது. மகாராஜா வாயைப் பிளந்தார்.

"ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டதே! நான் வாயைத் திறந்தாலே மந்திரி அழகம்பெருமாள் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். அதற்கு என்னய்யா அர்த்தம்?"

துரைக்கு முன்னால் தளவாய் இடும்பராயன் முந்திக்கொண்டான். மந்திரியைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். "கீழ்ப்படி என்று அர்த்தம், பிரபு! கீழே படிந்து கிடக்க வேண்டும். எதிர்க்கேள்வி கேட்டால் ராஜத்துரோகம்!"

அன்றே சட்டமாகிவிட்டது. ராஜா "ஒபே" என்ற பிறகு கேள்வி கேட்பவருக்குப் பதவி போகும், ஊரை விட்டும் போக வேண்டும். சபையில் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த அழகம்பெருமாளுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. நேரே துரையிடம் போய், அந்தச் சொல்லின் பூர்வீகத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ஐப்பசி மழையில் பெரிய ஏரி தளும்பியது. தவளைச் சத்தத்தில் தூக்கம் கெட்ட ராஜா சபையில் கத்தினார்: "ஏரிக்கரையை வெட்டுங்கள்! தண்ணீர் போனால் தவளையும் போகும். ஒபே!"

"உத்தரவு!" என்று இடும்பராயன் வாசலுக்கே போய்விட்டான்.

போகிற பதவி போகட்டும் என்று மந்திரி எழுந்தார். "மகாராஜா, அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும்?"

"கேட்டுவிட்டார்! பிரபு, கேட்டுவிட்டார்!" இடும்பராயன் துள்ளிக்கொண்டு திரும்பி வந்தான்.

"கேட்டேன்தான். கேட்பதுதானே கீழ்ப்படிவது? துரையையே விசாரியுங்கள்" என்றார் மந்திரி.

சபையிலேயே இருந்த துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "எங்க ஊர்ப் பக்கம் லத்தீன்னு ஒரு பழைய பாஷை, ராஜா. அதிலே கேக்கறதுங்கிற சொல்லிலேருந்து வந்தது இது. ஒருத்தர் பக்கமா காது குடுக்கறது."

"நம் ஊரிலும் அதேதான்" என்றார் மந்திரி. "சொன்னபடி நடக்கிற பிள்ளையை 'சொல்பேச்சு கேட்கிறான்' என்கிறோம். காதால் கேட்பதும் கேட்பதுதான், வாயால் கேட்பதும் கேட்பதுதான். நான் இரண்டும் செய்தேன். தளவாய் ஒன்றும் செய்யவில்லை."

"அபாண்டம்! என்னைப்போல் சொன்னதைக் கேட்பவன் யார்?"

மந்திரி ராஜாவின் காதில் ஏதோ சொன்னார். ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இடும்பராயரே, உம்முடைய மீசையை..." என்று இழுத்தார்.

"உத்தரவு, பிரபு! இப்பொழுதே!"

"...சிரைத்துவிட வேண்டும். ஒபே!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவும் சிரித்தார். "வினைச்சொல் வருவதற்குள் உத்தரவா! மீசைக்கே இந்தக் கதி என்றால் ஏரி என்னவாகியிருக்கும்? மந்திரியாரே, தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகும்?"

"நெசவுத் தெருவுக்கு, மகாராஜா. வீடு நிறையக் குழந்தை குட்டிகள்."

ராஜாவின் சிரிப்பு அணைந்தது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். "கரையில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. நீர் இனிமேல் கேளும், ஐயா. நான் கத்தினாலும் கேளும்."

அதற்குள் அரண்மனை நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றார். இடும்பராயன் கைகூப்பினான். "பிரபு, ஒரே ஒரு கேள்வி. மீசை முழுவதுமா?"

ராஜாவுக்கு மனம் இளகிவிட்டது. "அட, நீரும் கேட்கப் பழகிவிட்டீரே! அதற்காகவே குறைத்துக்கொள்கிறேன். பாதி போதும்."

நாவிதர் பணிவாகத் தலை குனிந்து கேட்டார்: "இடதா, வலதா, மகாராஜா?"